காடு மேடு சுற்றப் பிள்ளையை எந்தக் குழுவில் சேர்ப்பது?

ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் நடுவில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். பள்ளி, வீடு, திரை என்று மூன்றுக்குள்ளேயே சுற்றுகிறதே, கொஞ்சம் மரம், மழை, சேறு என்று பழகட்டுமே, எங்கே சேர்க்கலாம்? தேட ஆரம்பித்தால் சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான குருளைச் சாரணர் குழு ஒரு பக்கம், விடுமுறைச் சாகச முகாம் ஒரு பக்கம், காட்டுப் பள்ளி பாணியில் நடக்கும் இயற்கைக் குழு ஒரு பக்கம், ஏன், நாமே நாலு குடும்பம் சேர்ந்து கிளம்பினால் என்ன என்ற யோசனை இன்னொரு பக்கம். என் இரண்டு பிள்ளைகளை வைத்து ஆறு வருடத்தில் இந்த நான்கையும் பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் சாகசம் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள். அதே பிள்ளைகள், அதே பெரியவர், வாரா வாரம் என்று நடக்கிறதா, அதைப் பாருங்கள். பக்கத்துத் தோப்பில் மாதம் நான்கு முறை நனைந்து திரும்பும் பிள்ளைக்குக் கிடைப்பது, வருடத்துக்கு ஒருமுறை கயிற்றில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. உடம்புக்கும் இதே கணக்குதான் போலிருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்று வருடம் கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் ஒவ்வொரு பள்ளி நாளும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் அது சுமார் 40 சதவீதம். அதில் மலையேற்றமும் கிடையாது, படகும் கிடையாது. வெறும் பகல் வெளிச்சம், விடாமல் தினமும், அவ்வளவுதான்.

சரி, விடுமுறை முகாமிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பெற்றோர் முதலில் போய் நிற்பது அங்கேதான். நானும் அப்படித்தான். மகளுக்கு அப்போது ஏழு வயது, ஐந்து நாள் முகாம், துடுப்புப் படகு, ஏறும் சுவர், கயிற்றுப் பாலம் என்று பட்டியலே மலைக்க வைத்தது. திரும்பி வந்தவளின் பையைத் திறந்தால், நான் வைத்த நாலு ஜோடி சாக்ஸ் மடித்தது மடித்தபடி இருக்கிறது. காலில் போட்டிருந்த ஒரு ஜோடி மட்டும் சேற்றில் ஊறிக் கெட்டியாகிப் போயிருந்தது, உரித்துப் பார்த்தால் விரல்கள் எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. மூன்றாம் நாள் ஓடையில் இறங்கியதிலிருந்து அதே சாக்ஸ்தானாம். ஏன் மாற்றவில்லை என்று கேட்டதற்கு, "மாத்திக்கலாமான்னு யாரைக் கேக்கறதுன்னு தெரியலம்மா" என்றாள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தலைக்கவசம், மிதவைச் சட்டை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன, படகு கற்றுக்கொடுத்தவருக்குத் தன் வேலை நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்த இளைஞர்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை மாறும் பிள்ளைக் கூட்டம். பெயர் மனதில் பதிவதற்குள் முகாம் முடிந்துவிடும். எந்தப் பிள்ளை வாய் திறக்காது, எது நனைந்தாலும் சொல்லாது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அவகாசமே இல்லை. அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, ஏற்கெனவே வெளியில் இரண்டு மூன்று இரவு தூங்கிப் பழகிய, தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கத் தெரிந்த ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு முகாம் அருமையான விஷயம். வீட்டில் வாங்கிவைக்க முடியாத சாமான்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், ஒரே வாரத்தில் ஐந்தாறு புது அனுபவம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் விடுமுறைக்கு அது ஒரு பெரிய கை உதவியும்கூட. முதல் அனுபவமாக மட்டும் அது வேண்டாம்.

அடுத்தது சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவு. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது பையன்களைக் கூட்டிக்கொண்டு போட்ட கூடாரத்தில்தான் இந்த இயக்கமே தொடங்கியது. அது வளர்ந்த பையன்களுக்காகப் போட்டது. ஆனால் தம்பிகள் வீட்டில் உட்காரவா செய்வார்கள்? நாங்களும் வருவோம் என்று பின்னாலேயே வந்து நின்றதில் 1916இல் குருளையர் பிரிவு முறையாகப் பிறந்தது. பெண் பிள்ளைகள் கதை இன்னும் பிடிக்கும் எனக்கு. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பே இல்லாமல் சிறுமிகள் சிலர் வந்து, எங்களையும் சேர்த்துக்கொள் என்று நின்றார்கள், மறு வருடமே சாரணியர் அமைப்பு வந்துவிட்டது, 1914இல் அதன் இளையோர் பிரிவும். பெரியவர்கள் திட்டம் போட்டு இழுத்து வராமல் பிள்ளைகளே கேட்டு வாங்கிய இடம் என்பதாலோ என்னவோ, அந்த வயதுக்கு எது பிடிக்கும் என்பது அந்த அமைப்பின் எலும்பிலேயே இருக்கிறது.

முக்கியமான விஷயம் என்னவென்றால், குருளையர் கூட்டத்தில் பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு அறுவருக்கும் அவர்களில் ஒருவரையே தலைவராக்குவார்கள். மகன் முதல்முறை போன அன்று ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கயிற்று நுனிகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சுப் பாடம் நடக்கிறது. பத்து வயதுத் தலைவன் ஒருவன், என் எட்டு வயதுக்காரன் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "இடது நுனியை வலது மேல போட்டு அடியில விடு, அப்புறம் வலது நுனியை இடது மேல போட்டு அடியில விடு" என்கிறான். இவன் இரண்டு முறையும் இடதையே மேலே போட்டுவிட்டான். இழுத்துப் பார்த்தால் நுனி இரண்டும் கயிற்றுக்குக் குறுக்காகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தப் பையன் திட்டவில்லை, அவிழ்த்துக்கூடக் கொடுக்கவில்லை. "நுனி கயித்தோட ஒட்டிப் படுத்திருக்கா பாரு, படுக்கலன்னா தப்பு" என்றான். நாலாவது தடவை படுத்தது. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டாவது தடவையே கயிற்றைப் பிடுங்கிப் போட்டுக் காட்டியிருப்பேன். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது என்ற இந்த ஒன்று வேறு எந்த வகைக் குழுவிலும் இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்க்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அதனால் ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நல்ல தலைவர் இருந்தால் குழு பறக்கும், இல்லாவிட்டால் வருடம் முழுவதும் கூரைக்குக் கீழே பந்து விளையாட்டும் அணிவகுப்பும்தான். சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் பிள்ளைகள் எத்தனை இரவு வெளியில் தங்கினார்கள்? எண்ணைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் புரிந்துகொள்ளலாம். அப்புறம் உறுதிமொழி. பல நாடுகளில் கடவுளையும் நாட்டையும் சொல்லித்தான் உறுதி எடுப்பார்கள், சில நாடுகளில் மாற்று வாசகமும் உண்டு. உங்கள் வீட்டு நம்பிக்கைக்கு ஒத்து வருமா என்று முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள், நடுவில் பிள்ளையைச் சங்கடத்தில் விடாதீர்கள். பேட்ஜ் வாங்குவதையே குறியாக வைத்து ஓடும் பெற்றோரும் உண்டு, அங்கே பிள்ளைக்கு மழையும் தெரியாது மரமும் தெரியாது, சட்டைக் கை மட்டும் நிறைந்திருக்கும்.

மூன்றாவது, காட்டுப் பள்ளி வகைக் குழுக்கள். இதன் வேர் வட ஐரோப்பாவில் இருக்கிறது. ஸ்வீடனில் 1957இலேயே ஸ்கூக்ஸ்முல்லே என்ற கற்பனைக் காட்டுவாசியை வைத்து, கதையும் பாட்டுமாகச் சின்னக் குழந்தைகளைக் காட்டுக்குள் கூட்டிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். 1993இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து ஒரு குழு டென்மார்க் போய், அங்கே மழலையர் நாள் முழுக்க வெளியில் இருப்பதைப் பார்த்துத் திரும்பியது. காட்டுப் பள்ளி என்ற பெயர் இங்கிலாந்தில் பரவியது அதிலிருந்துதான். இங்கே சீருடையும் இல்லை, பேட்ஜும் இல்லை. அதே சின்னத் தோப்புக்கு வாரா வாரம் போவார்கள், என்ன செய்வது என்பதைப் பாதிக்கு மேல் பிள்ளையே தீர்மானிக்கும்.

இங்கே பிள்ளைகளுக்குக் கருவி பிடிக்கவும் பழக்குவார்கள். ஆறு வயதுப் பிள்ளை கையில் கத்தியா என்று பதறுவீர்கள், நானும் பதறினேன். முதலில் கொடுப்பது காய்த்தோல் சீவும் பீலர். பிள்ளை ஒரு கட்டையில் உட்கார வேண்டும், நின்றுகொண்டு சீவக் கூடாது. கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றி, யார் மேலும் படவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குச்சியைப் பிடிக்கும் கையில் உறை, முழங்கைகள் முட்டிக்கு முன்னால், சீவுவது எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கம். பச்சைக் குச்சியின் பட்டை ரிப்பன் மாதிரிச் சுருண்டு விழும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விடும். அதே மாதிரி நெருப்பைச் சுற்றிக் கட்டைகளால் வட்டம் போட்டிருப்பார்கள். ஆளே இல்லாவிட்டாலும், நெருப்பே மூட்டாவிட்டாலும், வட்டத்துக்குள் குறுக்கே நடக்கக் கூடாது, வெளியே சுற்றித்தான் போக வேண்டும். நாலு வாரத்தில் அது காலுக்குப் பழகிவிடுகிறது. நார்வேயைச் சேர்ந்த எலன் சான்ட்செட்டர் என்ற ஆய்வாளர், பிள்ளைகள் தேடிப்போகும் ஆபத்தான விளையாட்டை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கருவி, நெருப்பு நீர் போன்றவை, மல்லுக்கட்டு, கண்ணுக்கு மறைந்து போதல். ஒரு நல்ல காட்டுக் குழுவில் ஒரே காலையில் இந்த ஆறும் சின்ன அளவில் நடந்துவிடும், பெரியவர் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

கூச்சமுள்ள பிள்ளை, ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளை, போட்டி என்றாலே ஒதுங்கும் பிள்ளை, இவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. முகாமில் வாய் திறக்காத என் மகள் இங்கே ஆறாவது வாரம் தானாகவே போய், "என் கை உறை கிழிஞ்சிருக்கு, வேற வேணும்" என்று கேட்டாள். ஆனால் இரண்டு விஷயம். காட்டுப் பள்ளி என்ற பலகையைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், நடத்துபவர் என்ன பயிற்சி பெற்றவர் என்று கேட்டே ஆக வேண்டும். இன்னொன்று, ஒன்பது வயதில் அதே தோப்பு சலித்துவிடும். தூரம் போக வேண்டும், வரைபடம் வேண்டும், கூடாரத்தில் இரவு தங்க வேண்டும் என்று கால் பரபரக்கும். அது குறையே இல்லை, அடுத்த படிக்குத் தயார் என்று அர்த்தம்.

நாலு குடும்பம் சேர்ந்து போவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செலவு குறைவு, நேரம் நம் கையில், அப்பா அம்மாவும் சேர்ந்து நனைவார்கள். முதல் மூன்று மாதம் அமோகமாகப் போகும். அப்புறம் ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் பரீட்சை, ஒரு வீட்டில் விருந்தாளி என்று தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும், எங்களுடையது ஏழாவது மாதம் நின்றது. இன்னொரு சிக்கல், பெற்றோர் பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளை தன் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தானே தேடாது. இதை மற்ற ஏதாவது ஒன்றோடு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், தனியாக இதையே நம்பாதீர்கள். இப்படிப் போகும்போது ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்: வழி தவறினால் நடக்காதே, பக்கத்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, விசில் ஊது. கலிபோர்னியா மலையில் ஒரு சிறுவன் வழி தவறி இறந்த பிறகு, தேடப் போனவர்கள் 1981இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடம் அது. நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளையைத் தேடுவது கடினம், நின்ற பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம்.

பாறையேற்றம், வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்து ஓடும் ஓட்டம் மாதிரி ஒரே விளையாட்டுக்கான சங்கங்களும் இருக்கின்றன. பிள்ளைக்கு அதில் பித்துப் பிடித்திருந்தால் சேருங்கள். ஆனால் இந்த வயதில் விரல் எலும்பு வளரும் இடங்களான வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடவில்லை, விளையாட்டாக ஏறினால் போதும், விரல் நுனியில் தொங்கவைக்கும் கடும் பயிற்சி எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இனி பாதுகாப்பு. இதில் எந்த வகைக் குழுவுக்கும் நான் சலுகை காட்டுவதில்லை. அமெரிக்காவின் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது, அந்த வழக்கில் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 80,000க்கும் மேற்பட்டோர் கோரிக்கை வைத்தார்கள். இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், கூடாரத்தில் பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து தூங்கக் கூடாது என்ற விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நடத்துபவர்களின் பின்னணியைச் சரிபார்த்தது யார் என்று கேளுங்கள். நல்ல குழு கோபப்படாது, கேட்டதற்குச் சந்தோஷப்படும். முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள், குழு எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் சரி.

எண்ணிக்கைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால், இங்கிலாந்துச் சாரணர் அமைப்பு வெளியே போகும்போது 6 முதல் 8 வயதுவரை ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் பத்தரை வயதுவரை எட்டுப் பிள்ளைக்கு ஒருவர், இவர்கள் போகப் பொறுப்பாளர் ஒருவர் தனியாக என்று வைத்திருக்கிறது. உங்கள் இடத்தில் பெரியவர்கள் இதைவிடக் குறைவாக இருந்தால் காரணம் கேட்கலாம். வானிலையைப் பற்றியும் கேளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், உடனே பத்திரமான கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. இது பொறுப்பாளர் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் சின்ன உடம்புக்குத் தோல் பரப்பு அதிகம், பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும், அதனால் நனைந்த பிள்ளையை மாற்ற வைப்பது யார் வேலை என்பதும் அங்கே தெளிவாக இருக்க வேண்டும். இந்தக் கேள்வியை நான் ஏன் எல்லா இடத்திலும் கேட்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது? ஆறு ஏழு வயதென்றால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுக் குழு, வீட்டுக்குப் பக்கத்தில், வாரம் ஒருமுறை. எட்டு வயதில், பக்கத்தில் நல்ல குருளையர் குழு இருந்தால் அங்கே மாற்றுங்கள், இந்த வயதில் பிள்ளைக்குத் தோழர் கூட்டமும் ஒரு பொறுப்பும் தேவைப்படுகிறது. குழு சுமாராக இருந்தால் காட்டுக் குழுவிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஒன்பது, பத்தில் இவற்றுக்கு மேல் ஒரு விடுமுறை முகாம். இரண்டு வீடு தள்ளி இருக்கும் சுமாரான குழுவா, ஒரு மணி நேரம் வண்டியில் போக வேண்டிய பிரமாதமான குழுவா என்றால், நான் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுப்பேன், பாதுகாப்பில் குறை இல்லாதவரை. தூரத்துக் குழுவுக்கு மழை பெய்யும் நாளில் யாரும் கிளம்புவதில்லை, மழை நாள்தான் பிள்ளைக்குப் பாதிப் பாடம்.

பார்க்கப் போகும்போது அவர்கள் சொல்லும் சிறப்பு நாளில் போகாதீர்கள், சாதாரண வாரத்தில் போங்கள். ஓரமாக உட்கார்ந்து, கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு பிள்ளையை மட்டும் கவனியுங்கள். பெரியவர் ஒருவர் அதை எத்தனை நிமிடத்தில் பார்க்கிறார், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கட்டாயப்படுத்துகிறாரா பக்கத்தில் போய் உட்காருகிறாரா என்று பாருங்கள். வீடு திரும்பும் வழியில் பிள்ளையிடம் பிடித்ததா என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் ம் என்றுதான் சொல்லும். அங்கே யார் பெயர் தெரியும் என்று கேளுங்கள். இரண்டு பெயர் வந்தால் மறு வாரமும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஒன்று. பிடித்த குழுவில் இடமில்லை, காத்திருப்புப் பட்டியல் நீளம் என்று சொன்னால் மனம் தளர வேண்டாம். பல இடங்களில் பிள்ளைக்கு இடம் இல்லாததற்குக் காரணம் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் போதாததுதான். பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் முடித்துக்கொண்டு வாரம் இரண்டு மணி நேரம் நான் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். என் மகனுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான், இரண்டு வருடமாக வியாழக்கிழமை மாலை கயிற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது இப்போது என் வேலை.